மங்கிய சில நொடிகள்
நுரையீரல் ரத்த அடைப்பை நிழலால் அறிவது குறித்து ஓர் அறக்கட்டளைச் சொற்பொழிவு



இந்த அறக்கட்டளையை வைத்தவர்கள் பேச வருகிறவருக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் விதித்திருக்கிறார்கள். தன் தொழிலைப் பற்றிப் பேச வேண்டும்; வீட்டில் பேசுகிற தமிழில் பேச வேண்டும். என் தொழில் அணு மருத்துவம். பெண் பார்க்கப் போன இடத்தில் இதைச் சொன்னபோது, மாமனாராகப் போகிறவர் என்னைக் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் வேலை செய்பவன் என்று நினைத்துக்கொண்டு, "ஆபத்தான வேலை இல்லையே?" என்று கேட்டார். முப்பது ஆண்டுகள் கழித்தும் அவருக்கு முழு விளக்கம் கொடுத்தேனா என்பது சந்தேகம்தான். அந்தக் கடனை இன்று உங்களிடம் தீர்க்கப் பார்க்கிறேன்.

தொழில் முழுவதையும் ஒரு மணி நேரத்தில் சொல்ல முடியாது. ஒரே ஒரு பரிசோதனையை எடுத்துக்கொள்கிறேன். நுரையீரலுக்குப் போகும் ரத்தக் குழாயில் உறைகட்டி அடைத்திருக்கிறதா என்று பார்க்கும் ஸ்கேன் அது. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து தொடங்காமல் உங்கள் மலையிலிருந்தே தொடங்குகிறேன்.

காவலூரில் ஓர் இரவு

இந்த மண்டபத்தின் ஜன்னலைத் திறந்தால் தெரிவது ஜவ்வாது மலை. ஆலங்காயத்திலிருந்து மேலே ஏறினால் சுமார் 725 மீட்டர் உயரத்தில் காவலூர். அங்குள்ள வைணு பாப்பு வானாய்வகத்தைப் பள்ளிச் சுற்றுலாவில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெரிய தொலைநோக்கி 1986-இல்தான் வந்தது. நான் சொல்லப்போவது அதற்கு முன்பு, ஒரு மீட்டர் தொலைநோக்கி இருந்த காலத்தில் நடந்தது.

1977 மார்ச் 10-ஆம் தேதி இரவு, துலாம் ராசிப் பக்கம் இருந்த ஒரு மங்கலான விண்மீனை யுரேனஸ் கோள் நெருங்கிக் கடக்க இருந்தது. கோள் குறுக்கே வந்தால் விண்மீன் மறையும். மறையும் நேரத்தைத் துல்லியமாகக் குறித்தால் கோளின் அளவையும் அதன் வளிமண்டலத்தையும் கணக்கிடலாம். வானியலாளர்கள் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் தொலைநோக்கியில் ஒளிமானியைப் பொருத்திக் காத்திருந்தார்கள். அப்போது அவர்கள் எதிர்பாராத ஒன்று நடந்தது. கோளின் வட்டு இன்னும் தள்ளியே இருக்கும்போது விண்மீன் சில நொடிகள் மங்கி, மறுபடி பழையபடி ஒளிர்ந்தது.

நடுவில் எதுவோ வந்திருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியவில்லை, தொலைநோக்கிக்கும் தெரியவில்லை. வரவேண்டிய வெளிச்சம் சில நொடிகள் வரவில்லை என்பது மட்டும்தான் சாட்சி. யுரேனஸைச் சுற்றும் புதிய துணைக்கோளாக இருக்கலாம் என்று அவர்கள் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அதே இரவு அமெரிக்க வானியலாளர் ஜேம்ஸ் எலியட் குழுவினர் இந்தியப் பெருங்கடலுக்கு மேல் விமானத்தில் பறந்தபடி அதே விண்மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய பதிவில் கோளின் ஒரு பக்கம் ஐந்து மங்கல்கள், மறுபக்கம் அதே வரிசையில் ஐந்து. துணைக்கோள் இரண்டு பக்கமும் ஒரே தூரத்தில் நிற்காது, வளையம் நிற்கும். யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் அப்படித்தான் தெரிந்துகொண்டது.

காவலூர்க்காரர்கள் கண்ட நிழல் உண்மையானதுதான். அது எதனுடைய நிழல் என்று சொல்ல இன்னொரு சாட்சி வேண்டியிருந்தது. இன்றைய பேச்சு முழுவதும் இதைப் பற்றித்தான்.

படம் சுத்தம், மூச்சு மோசம்

இப்போது ஆஸ்பத்திரிக்கு வருவோம். எங்கள் அறைக்கு வந்த பலரை ஒன்றாகக் கலந்து ஒரு பெண்ணைச் சொல்கிறேன். பிரசவமாகிப் பத்து நாள். அறுவை செய்து எடுத்த குழந்தை. "பச்சை உடம்பு" என்று வீட்டில் எழுந்திருக்க விடவில்லை. தண்ணீரும் அளந்துதான் கொடுத்தார்கள். நான்கு நாளாக இடது கால் கனமாக இருந்தது. படுத்தே கிடந்ததால் என்று நினைத்தாள். அன்று காலை கழிவறைக்குப் போய்த் திரும்பும்போது திடீரென்று மூச்சு வாங்கியது. நெஞ்சில் ஒரு பக்கம் குத்தல். நாடி நிமிடத்துக்கு 120.

மார்பு எக்ஸ்ரே எடுத்தார்கள். "படம் நல்லா இருக்கு" என்றார்கள். படம் நன்றாக இருந்ததால் பயம் போயிற்று, மூச்சுத்திணறல் போகவில்லை. இந்த நோயின் சூழ்ச்சியே அதுதான்.

காலின் ஆழ்சிரையில் ரத்தம் உறைந்து கட்டியாகிறது. அதில் ஒரு துண்டு பிய்ந்து, தொடை வழியாக வயிற்றின் பெருஞ்சிரைக்கு ஏறி, இதயத்தின் வலப்பக்கத்தைத் தாண்டி, நுரையீரல் தமனிக்குள் போகிறது. அந்தத் தமனி கிளை பிரிந்து பிரிந்து சிறுத்துக்கொண்டே போவதால் எங்கேயோ ஓரிடத்தில் கட்டி சிக்குகிறது. அதற்கப்பால் ரத்தம் போகாது. ஆனால் நுரையீரலின் சதைக்கு மகாதமனியிலிருந்து தனியாக ஒரு சிறு ரத்த வழி உண்டு. அதனால் அந்தப் பகுதி பெரும்பாலும் செத்துப்போவதில்லை. காற்றும் வழக்கம்போல் போய் வருகிறது. எக்ஸ்ரே காட்டுவது காற்றையும் சதையையும்தான். இரண்டும் சரியாக இருப்பதால் அதற்குக் குறை எதுவும் தெரிவதில்லை.

ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோ 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே இந்தப் பயணத்தை விளக்கிவிட்டார். ரத்தம் உறைய மூன்று காரணங்கள்: ஓட்டம் மந்தமாவது, குழாய்ச் சுவரில் காயம், ரத்தமே உறையும் தன்மை கூடுவது. பிரசவித்த பெண்ணுக்கு இந்த மூன்றும் ஒரே நேரத்தில் சேர்கின்றன. பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரம்தான் அவளுக்கு மிக ஆபத்தான காலம். எழுந்து நடக்க விடாததும் தண்ணீரைக் குறைப்பதும் நல்லெண்ணத்தில் செய்வதுதான். உறைவுக்கு அவையே துணை போகின்றன. பேறுகாலத்துக்குப் பின் மூளைச் சிரைகளில் வரும் உறைவைப் பற்றி நம் நாட்டு நரம்பியல் மருத்துவர்கள் நெடுங்காலமாக எழுதி வருகிறார்கள். கால் சிரையிலும் அதே ரத்தம்தான் ஓடுகிறது.

"இது வெள்ளைக்காரர்களுக்கு வரும் நோய், நம்மவர்களுக்கு அபூர்வம்" என்று நான் படித்த காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அறுவை மருத்துவர்கள் 1996 முதல் 2005 வரையான பத்தாண்டுப் பதிவுகளைத் திரட்டி 2009-இல் வெளியிட்டார்கள். அந்த ஒரு மருத்துவமனையில் மட்டும் ஆழ்சிரை உறைவு உறுதியானவர்கள் 1552 பேர். அவர்களில் சுமார் 15 விழுக்காட்டினருக்கு நுரையீரலிலும் அடைப்பு. தேடாததைத்தான் நாம் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

நீர்க்கட்டியின் கணக்கு

ஸ்கேன் எப்படி வேலை செய்கிறது என்று புரிய, நுரையீரலின் ஒரு பழக்கத்தை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு உங்கள் ஏரிப் பாசனம் உதவும்.

நம் ஊர்களில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்தார். டாக்டர்கள் ஸ்கேன் எடுத்துப் பார்த்துச் சொல்லும் நீர்க்கட்டி வேறு. இவர் மதகைத் திறந்து மூடி, எந்தக் கழனிக்கு எவ்வளவு தண்ணீர் என்று பங்கிடுகிறவர். பயிர் இல்லாத கழனிக்கு அவர் தண்ணீர் விடமாட்டார். மடையை அடைத்து, பயிர் நிற்கும் கழனிக்குத் திருப்பிவிடுவார்.

நுரையீரலுக்குள்ளும் அப்படி ஒரு நீர்க்கட்டி உண்டு. நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம் அதன் வழியே போகிறது. காற்று வராத பகுதிக்கு ரத்தம் அனுப்பி என்ன பயன்? சளி அடைத்தோ, ஆஸ்துமாவில் குழாய் சுருங்கியோ ஒரு பகுதிக்குக் காற்று போகாவிட்டால், அங்குள்ள சிறு தமனிகள் தாமாகவே சுருங்கி ரத்தத்தை வேறு பக்கம் திருப்பிவிடுகின்றன. 1946-இல் ஸ்வீடனின் ஆய்லரும் லில்யஸ்ட்ராண்டும் இதைக் காட்டினார்கள்.

ஆகவே நுரையீரலின் ஒரு பகுதிக்கு ரத்தம் வரவில்லை என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். காற்று வராததால் நீர்க்கட்டியே மடையை அடைத்திருக்கலாம். அப்போது அங்கே காற்றும் இருக்காது, ரத்தமும் இருக்காது. அல்லது கால்வாயில் எதுவோ விழுந்து அடைத்திருக்கலாம். அப்போது பயிர் நிற்கும், காற்று வந்து போகும், தண்ணீர் மட்டும் வராது. ரத்தப் படம் ஒன்றை மட்டும் பார்த்தால் இரண்டு நிழலும் ஒன்றுபோலவே இருக்கும். காற்றுப் படத்தையும் அருகில் வைத்தால்தான் எது எது என்று பிரிக்கலாம்.

இதனால்தான் எங்கள் பரிசோதனையில் இரண்டு படங்கள். தொழில்காரர்கள் வி-க்யூ ஸ்கேன் என்பார்கள். வி என்றால் காற்றோட்டம். க்யூ என்பது உடலியங்கியலில் ரத்த ஓட்டத்தின் அளவுக்கு இட்ட குறி.

கறக்கும் பசு

ரத்தம் போகும் இடத்தை வெளியிலிருந்து எப்படிப் பார்ப்பது? ரத்தத்தோடு ஒரு வெளிச்சத்தை அனுப்ப வேண்டும். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் அது, காமா கதிர். அதைத் தருவது டெக்னீசியம்-99எம். இதன் அரை ஆயுள் 6 மணி நேரம். காலை பத்து மணிக்கு இருந்தது மாலை நான்கு மணிக்குப் பாதியாகும்; மறுநாள் காலை பத்து மணிக்குப் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். நோயாளியின் உடலில் நெடுநாள் தங்காது என்பதால் இது நல்ல பொருள். கடையில் வாங்கி அலமாரியில் வைக்க முடியாது என்பதால் தொல்லை பிடித்த பொருளும்கூட.

இதற்கு ஒரு வழியை 1950-களின் இறுதியில் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் கண்டுபிடித்தார்கள். டெக்னீசியத்தை அனுப்பாமல் அதன் தாயை அனுப்புவது. தாயின் பெயர் மாலிப்டினம்-99. அரை ஆயுள் 66 மணி நேரம். அலுமினாப் பொடி நிரப்பிய ஒரு சிறு குழாயில் மாலிப்டினம் ஒட்டியிருக்கும். சுற்றிலும் கனத்த ஈயக் கவசம். தாய் சிதையச் சிதைய டெக்னீசியம் பிறந்துகொண்டே இருக்கும். மேலிருந்து உப்புநீரை விட்டால் தாய் ஒட்டியே நிற்க, மகள் மட்டும் கரைந்து இறங்கும். உலகம் முழுக்க எங்கள் தொழிலில் இந்தக் கலத்துக்குப் பசு என்று பெயர். உப்புநீர் விட்டு எடுப்பதற்குக் கறப்பது என்று பெயர். காலையில் ஒருமுறை கறந்தால் மறுநாள் காலைக்குள் மடி மறுபடி நிறையும். ஒரு வாரத்தில் பசு ஆறில் ஒரு பங்காக வற்றிவிடும். புதுப் பசு வர வேண்டும். நம் நாட்டில் மும்பையின் பிரிட் (கதிர்வீச்சு, ஐசோடோப்பு தொழில்நுட்ப வாரியம்) இவற்றைத் தருகிறது, இறக்குமதியும் உண்டு. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் இல்லாமல் யாரும் இதைத் தொட முடியாது. மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூரில் ஏன் இந்த ஸ்கேன் இல்லை என்று ஒரு மாணவர் கடிதம் எழுதிக் கேட்டிருந்தார். ஒரு நோயாளிக்காக இந்தப் பசுவை வாராவாரம் மலையேற்றிக் கட்டிப்போட முடியாது தம்பி, அதுதான் பதில்.

டெக்னீசியத்தைத் தனியாக ஏற்றினால் உடலெங்கும் பரவிவிடும். அதை நுரையீரலில் நிறுத்த ஒரு தந்திரம். மனித ரத்தத்தின் ஆல்புமின் புரதத்தைத் திரட்டிச் சிறு துகள்களாக்கி அதில் டெக்னீசியத்தை ஏற்றுகிறோம். துகளின் அளவு பெரும்பாலும் 10 முதல் 90 மைக்ரான். நுரையீரலின் நுண்குழாய் அதைவிடக் குறுகல், 7 அல்லது 8 மைக்ரான். கை நரம்பில் போட்ட ஊசி இதயம் வழியாக நுரையீரலுக்குப் போய், ரத்தம் போகும் இடமெல்லாம் போய், அங்கங்கே சிறு முனைகளில் தங்கிவிடுகிறது. ரத்தம் போகாத இடத்துக்குத் துகளும் போகாது.

"அடைப்பைக் கண்டுபிடிக்க நீங்களே அடைக்கிறீர்களா?" என்று ஒரு மாணவி என்னிடம் கேட்டாள். சரியான கேள்வி. நாங்கள் செலுத்துவது சில லட்சம் துகள்கள். அவை தங்கக்கூடிய சிறு தமனிகள் நுரையீரலில் சுமார் 30 கோடி. ஆயிரத்தில் ஒன்று சில மணி நேரம் அடைபடும். பிறகு துகள் கரைந்துவிடும். கர்ப்பிணிக்கும், நுரையீரல் ரத்த அழுத்தம் கூடியவருக்கும் துகள்களை இன்னும் குறைத்துக்கொள்வோம்.

இந்த ஊசியைப் போடுவதற்குத் தனிப் பக்குவம் உண்டு. நோயாளி படுத்திருக்க வேண்டும். உட்கார்ந்திருந்தால் ரத்தம் கீழ்ப்பகுதிக்கே அதிகம் போகும். துகள் அடியில் படியாதபடி ஊசிக்குழலை மெல்ல அசைத்துவிட்டு, நோயாளி நான்கைந்து முறை மூச்சிழுக்கும் நேரத்துக்கு நிதானமாகச் செலுத்த வேண்டும். ஊசிக்குள் ரத்தத்தை இழுக்கவே கூடாது. பயிற்சிக் காலத்தில், நரம்பில்தான் இருக்கிறோமா என்ற சந்தேகத்தில் நான் இழுத்துப் பார்த்துவிட்டேன். குழலுக்குள் வந்த ரத்தம் துகள்களோடு சேர்ந்து சிறு கட்டிகளாகி உள்ளே போயிற்று. படத்தில் வைசூரி போட்டதுபோல் நுரையீரல் முழுக்கப் பிரகாசமான புள்ளிகள். நோயாளிக்குக் கெடுதல் ஒன்றும் வரவில்லை, படம்தான் பாழ். என் ஆசிரியர் அந்தப் படத்தைச் சுவரில் ஒட்டி அடியில் தேதி மட்டும் எழுதினார். என் பெயரை எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

காற்றுப் படத்துக்கு வேறு வழி. டிடிபிஏ என்ற சேர்மத்தில் டெக்னீசியத்தைக் கலந்து நுண்புகையாக்கி, மூக்கில் கிளிப் மாட்டி, வாய்க்குழாய் வழியாகச் சில நிமிடம் சுவாசிக்கச் சொல்வோம். ஆஸ்துமாக்காரர்களுக்கு நெபுலைசர் வைப்பது போலத்தான். ஆஸ்திரேலியர்கள் 1980-களில் கண்டுபிடித்த டெக்னிகேஸ் என்ற கரித்துகள் புகை இன்னும் நுண்மையானது, ஓரங்கள் வரை பரவக்கூடியது.

தேன்கூட்டுக் கண்

காமா கதிரை வில்லையால் குவிக்க முடியாது, ஊடுருவிப் போய்விடும். அதனால் எங்கள் கேமராவின் முகப்பில் கண்ணாடிக்குப் பதில் ஒரு ஈயத் தேன்கூடு இருக்கும். மலைத்தேன் எடுப்பவர்களைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம்: ஆயிரக்கணக்கான அறுகோண அறைகள், நடுவே மெல்லிய சுவர்கள். நேராக வரும் கதிர் மட்டும் உள்ளே போகும். சாய்ந்து வருவதை ஈயம் விழுங்கிவிடும். பத்தாயிரத்தில் ஒன்றிரண்டுதான் தப்பிப் போகும். அது பின்னால் உள்ள சோடியம் அயோடைடு படிகத்தில் மோதி ஒரு மின்மினிப் பொறியாகும். அந்தப் பொறியை ஒளிப்பெருக்கிக் குழாய்கள் பிடித்து, எங்கே விழுந்தது என்று கணக்கிட்டு ஒரு புள்ளி வைக்கும். லட்சக்கணக்கான புள்ளி சேர்ந்தால் ஒரு நுரையீரல். 1950-களின் பிற்பகுதியில் ஹால் ஆங்கர் என்பவர் கலிஃபோர்னியாவில் உருவாக்கிய அமைப்பு இது.

காவலூரில் அந்த இரவு விண்மீனின் ஒளியை அளந்த கருவியின் உயிர்நாடியும் ஒளிப்பெருக்கிக் குழாய்தான். அங்கே அது விண்மீனைப் பார்த்தது. இங்கே நோயாளியின் மார்பைப் பார்க்கிறது. இரண்டு இடத்திலும் வராத வெளிச்சத்தைத்தான் எண்ணுகிறோம்.

இரண்டு சாட்சிகள், மூன்றாவது சாட்சி

படத்தை எப்படிப் படிக்கிறோம்? முன், பின், பக்கவாட்டு, சாய்வு என்று பல கோணங்களில் எடுப்போம். இப்போது கேமராவே நோயாளியைச் சுற்றி வந்து முப்பரிமாணத்தில் தருகிறது. தமனி மரக்கிளைபோல் பிரிவதால், கிளை அடைபட்டால் அதன் கீழ் உள்ள இலைகள் எல்லாம் வாடும். அதனால் அடைப்பின் நிழல் ஆப்பு வடிவில், அகன்ற பக்கம் நுரையீரலின் ஓரத்தைத் தொட்டபடி இருக்கும். அந்த இடத்தில் காற்றுப் படம் முழுமையாக இருந்தால், ரத்தமும் காற்றும் ஒத்துப்போகவில்லை என்று எழுதுவோம். அடைப்பின் அடையாளம் அதுதான். நான் சொன்ன அந்தப் பெண்ணுக்கு வலது நுரையீரலில் மூன்று ஆப்புகள், இடதில் இரண்டு. காற்றுப் படம் இரண்டு பக்கமும் நிறைந்து இருந்தது.

எல்லாப் படமும் இப்படித் தெளிவாக வாய்க்காது. அமெரிக்காவில் நடந்த பயோபெட் ஆய்வு 1990-இல் வெளிவந்தது. வி-க்யூ ஸ்கேனை, ரத்தக் குழாயில் சாயம் ஏற்றி எடுக்கும் ஆஞ்சியோகிராமோடு ஒப்பிட்ட பெரிய ஆய்வு அது. ஸ்கேன் உறுதியாக அடைப்பு என்று சொன்ன 116 பேரில் 102 பேருக்கு உண்மையிலேயே அடைப்பு இருந்தது. நல்ல சாட்சிதான். ஆனால் ஆஞ்சியோகிராமில் அடைப்பு உறுதியானவர்கள் மொத்தம் 251 பேர். மீதிப் பேருக்கு ஸ்கேன் உறுதியாகச் சொல்லவில்லை. "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்று இழுத்தது. வழக்காடு மன்றத்தில் சாட்சி அப்படிப் பேசினால் நீதிபதி என்ன செய்வார்? சூழ்நிலையைப் பார்ப்பார். அந்த ஆய்விலும் அதுதான் வெளிப்பட்டது. நோயாளியை நேரில் பார்த்த மருத்துவரும் வலுவாகச் சந்தேகித்து, ஸ்கேனும் வலுவாகச் சொன்னபோது 100-க்கு 96 பேருக்கு அடைப்பு. இரண்டும் பலவீனமாக இருந்தபோது 100-க்கு 4 பேருக்குத்தான். ஸ்கேனுக்கு முன் ஒரு மனிதர் நோயாளியைப் பார்த்து என்ன நினைத்தார் என்பது, ஸ்கேனுக்குச் சமமான மூன்றாவது சாட்சி.

நம் ஊரில் இதற்கு இன்னும் அழுத்தம் உண்டு. நல்ல நுரையீரலில்தான் நிழல் தெளிவாக விழும். பழைய காசநோயின் வடு, பீடிப் புகை, காற்றோட்டமில்லாத குடிசையில் ஆண்டுக்கணக்கில் ஊதிய விறகு அடுப்பு, இவையெல்லாம் ஏற்கெனவே கழனியைப் பாழாக்கியிருக்கும். அங்கே காற்றும் குறைவு, ரத்தமும் குறைவு. அந்தத் திட்டுகளுக்கு நடுவே புதிய அடைப்பைத் தேடுவது, வானம் முழுக்க மேகம் இருக்கும்போது விண்மீன் மறைவதைக் குறிப்பது போல. அதனால்தான் ஸ்கேனுக்கு முன் எக்ஸ்ரே கேட்கிறோம்.

சி.டி. வந்த பிறகு

சி.டி. வந்துவிட்டதே, இந்த நிழல் வித்தை இனி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நேர்மையாகச் சொல்கிறேன். இன்று பெரும்பாலான நோயாளிகளுக்கு முதல் பரிசோதனை சி.டி. ஆஞ்சியோகிராம்தான். சாய மருந்தை ஏற்றி, கட்டியையே நேரில் பார்த்துவிடலாம். இரவு இரண்டு மணிக்கும் எடுக்கலாம், நிமிடங்களில் முடிந்துவிடும். என் தொழில் என்பதற்காக நான் மறுக்கமாட்டேன்.

ஆனால் மூன்று பேருக்கு எங்கள் அறையின் கதவு திறந்தே இருக்க வேண்டும். முதலாமவர் சிறுநீரகம் பழுதானவரும் அயோடின் சாயம் ஒவ்வாதவரும். அவர்களுக்குச் சி.டி. சாயம் சிக்கல்; எங்கள் துகளால் சிறுநீரகத்துக்குச் சுமை இல்லை. இரண்டாமவர் கர்ப்பிணியும் இளம் தாயும். சி.டி.யில் மார்பகத்துக்குப் போகும் கதிர்வீச்சு எங்கள் ஸ்கேனைவிடப் பல மடங்கு. எக்ஸ்ரே சுத்தமாக இருந்தால் கர்ப்பிணிக்கு ரத்தப் படத்தை மட்டும் குறைந்த அளவில் எடுத்தாலே பல நேரம் போதும். அது முழுமையாக இருந்தால் அடைப்பு இல்லை என்று வீட்டுக்கு அனுப்பலாம். பால் கொடுக்கும் தாய் சுமார் 12 மணி நேரம் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு மறுபடி கொடுக்கலாம்.

மூன்றாமவர்தான் அதிகம் கவனிக்கப்படாதவர். அடைப்பு வந்து பிழைத்தவர்களில் சிலருக்குக் கட்டி கரையாமல் தழும்பாகி, நுரையீரல் தமனியின் அழுத்தம் மெல்ல மெல்ல ஏறுகிறது. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் இளைப்பு. மேட்டில் ஏற முடியவில்லை. ஆஸ்துமா என்றோ ரத்தசோகை என்றோ வயசாகிவிட்டது என்றோ சொல்லி மருந்து கொடுத்துக்கொண்டிருப்பார்கள். இந்தப் பழைய அடைப்பைச் சலித்தெடுக்க இன்றும் முதல் பரிசோதனை வி-க்யூ ஸ்கேன்தான். இது முக்கியம், ஏனென்றால் நுரையீரல் அழுத்த நோய்களில் அறுவையால் குணமாக்கக்கூடியது இந்த வகை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொரோனா காலத்தில் நோயாளி வெளிவிடும் காற்றுக்குப் பயந்து பல மையங்கள் காற்றுப் படத்தை நிறுத்தின. ரத்தப் படத்தையும் எக்ஸ்ரேயையோ சி.டி.யையோ வைத்துச் சமாளித்தன. ஒரு சாட்சி வரமுடியாதபோது வேறொரு சாட்சியைத் தேடினார்களே தவிர, ஒற்றைச் சாட்சியை வைத்துத் தீர்ப்பு எழுதவில்லை.

மலையில் தொடங்கும் ஸ்கேன்

கடைசியாக, காலை முதல் பேருந்தைப் பிடித்து மலையிறங்கி வந்திருக்கும் கிராம சுகாதாரச் செவிலியர்களிடம் பேச வேண்டும்.

மலைக் கிராமத்திலிருந்து காமா கேமரா வரை ஒரு நோயாளி வர எத்தனை மணி நேரம் ஆகும் என்பதை உங்களைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. ஆலங்காயம் வழியாகவோ போளூர் வழியாகவோ வளைந்து இறங்கும் அந்தப் பாதையில்தான் பல நோயாளிகளின் விதி முடிவாகிறது. படம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதை மருத்துவர்கள் அறிவார்கள். 1960-இல் பாரிட், ஜோர்டான் என்ற இரு பிரிட்டிஷ் மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உறைவுத் தடுப்பு மருந்து கொடுக்காத 19 பேரில் 5 பேர் நுரையீரல் அடைப்பால் இறந்தார்கள். கொடுத்த 16 பேரில் அடைப்பால் ஒருவரும் இறக்கவில்லை. அதனால்தான் சந்தேகம் வலுவாக இருந்து, ரத்தப்போக்கு அபாயம் இல்லாவிட்டால், படத்துக்கு முன்பே ஹெப்பாரின் என்ற உறைவுத் தடுப்பு மருந்தைத் தொடங்குகிறார்கள். அந்த முடிவு மருத்துவருடையது. ஆனால் சந்தேகம் உங்களிடமிருந்துதான் வர வேண்டும்.

மூச்சு வாங்குகிறது என்று வருபவரிடம் கேளுங்கள்: எப்போது தொடங்கியது, திடீரென்றா, மெல்லவா? இந்த மாதத்தில் பிரசவமோ, அறுவையோ, கால் கட்டோ, நெடுநாள் படுக்கையோ உண்டா? புற்றுநோய்க்கு மருந்து நடக்கிறதா? இரண்டு காலையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் வீங்கியிருக்கிறதா? விரலில் மாட்டும் கருவி ஆக்சிஜன் அளவைச் சொல்லும். நாடியையும் சேர்த்துக் குறியுங்கள். பிரசவித்தவர்களை எழுப்பி நடக்கச் சொல்லுங்கள். தண்ணீர் கொடுக்கச் சொல்லுங்கள். பாட்டிகள் கோபப்படுவார்கள். ஊசிக்குள் ரத்தம் இழுத்த நாளில் என் ஆசிரியரும் கோபப்பட்டார், நான் பிழைத்துக்கொண்டேன்.

பிறகு 108-ஐ அழைத்துக் கீழே அனுப்பும்போது ஒரு சீட்டு கொடுப்பீர்கள். என் மேசைக்கு வந்த ஆயிரக்கணக்கான சீட்டுகளில் பெரும்பாலானவற்றில் "மூச்சுத்திணறல்" என்ற ஒற்றைச் சொல்தான் இருக்கும். சிலவற்றில் அதுவும் இருக்காது. எப்போதாவது ஒரு சீட்டு வரும்: "பிரசவம் ஆகி 10 நாள். இடது கால் 4 நாளாக வீக்கம். இன்று காலை 6.40-க்குத் திடீர் மூச்சுத்திணறல். நாடி 120." அந்தச் சீட்டைப் படித்துவிட்டுப் பார்க்கும்போது, இழுத்துப் பேசும் அதே படம் தெளிவாகப் பேசத் தொடங்கும். 100-க்கு 4 என்பதற்கும் 100-க்கு 96 என்பதற்கும் நடுவில் படத்தோடு சேர்ந்து நிற்பது பல நேரங்களில் அந்தச் சில வரிகள்தான்.

காவலூரில் அந்த இரவு விண்மீன் மங்கியதை இருவர் பார்த்தார்கள். எதனால் மங்கியது என்பதில் அவர்கள் ஊகம் சரியாக அமையவில்லை. ஆனாலும் அந்தப் பதிவு வீணாகவில்லை. எத்தனை மணி, எத்தனை நிமிடம், எத்தனை நொடியில் மங்கியது என்று குறித்து வைத்திருந்ததால், மற்றவர்களின் பதிவோடு பொருத்திப் பார்க்க முடிந்தது. ஒரு மங்கல் வளையமாயிற்று. நீங்கள் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. பார்த்ததை எழுதுங்கள். நேரம் போட்டு எழுதுங்கள். மீதியைக் கீழே இருக்கும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

 கடைசிப் பேருந்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது, கேள்விகளைத் தொடங்கலாம்.